படை விட்டுச்சென்ற கூரைகள்

வீடில்லாத குடும்பங்களும், படை வெளியேறியதால் ஆளற்றுக் கிடக்கும் குடியிருப்புகளும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருக்க நேரும்போது, அவர்களை அங்கே குடியேற்றிவிடலாம் என்ற எண்ணம் எந்த அரசுக்கும் எளிதில் தோன்றக்கூடியதே. 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்ததை அடுத்த இருபது ஆண்டுகளில் இந்த எண்ணம் பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணிலும், வங்காளத்தின் நதியா மாவட்டத்துக் கிராமப்புறத்திலும், ராய்ப்பூரை அடுத்த மானாவிலும், இங்கிலாந்தின் வயல்வெளிகளிலும் செயலுக்கு வந்தது. ஆயினும் கூரை கிடைத்தவர்கள் அனைவரும் வீட்டுக்காரர்கள் ஆகிவிடவில்லை. ஏறத்தாழ ஒரே வகையான கொட்டகை ஓரிடத்தில் நகரமாக வளர்ந்ததற்கும், இன்னோரிடத்தில் தலைமுறைகளை அகதிகளாகவே வைத்திருந்ததற்கும் காரணம் தேடுவோர், அதைச் சுவரிலும் கூரையிலும் காண முடிவதில்லை. கூரைக்குக் கீழிருந்த மண்ணின் உரிமையிலும், நடந்து போகும் தூரத்தில் கிடைத்த பிழைப்பிலும்தான் அது அடங்கியிருக்கிறது.

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சுருளி அருவிக்கு அருகில் அமைந்துள்ள காமயகவுண்டன்பட்டியை வைத்து இந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்பதற்குத் தகுந்த காரணம் உண்டு. கே.கே.பட்டி என்று சுற்றுவட்டாரத்தார் சுருக்கி அழைக்கும் இவ்வூர், விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவர்களையும் காந்தியடிகளுக்கு எழுப்பிய கோயிலையும் கொண்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தல்கள் சூழ்ந்தது. பெரியாற்று நீர் பாயும் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு சென்ட் நிலமும் விலை பெற்றது என்பதால், பந்தலில் கவாத்து செய்யவும் காய் பறிக்கவும் நாள்தோறும் தேவைப்படும் கூலித் தொழிலாளிக்குத் தன் பெயரில் ஒரு வீட்டுமனை கிடைப்பது எளிதாக இருந்ததில்லை. கிராமப்புற வீடின்மை என்பது பெரும்பாலும் இத்தகையதே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, சாலையோரத்திலும் நடைபாதையிலும் ஹியூம் குழாய்களிலும் படிக்கட்டுகளுக்கு அடியிலும் தங்குவோரை மட்டுமே வீடற்றோர் என்று வரையறுத்து, நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேரையும், அவர்களில் கிராமப்புறத்தார் 8.3 லட்சம் பேரையும் பதிவு செய்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு, நிலத்துக்காரர் சொல்லும்வரை மட்டுமே இருக்க முடிந்த குடும்பம் இந்தக் கணக்கில் வீடுள்ள குடும்பமாகவே சேர்ந்துவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் கன்டோன்மென்ட் எனப்படும் நிலையான படைக் குடியிருப்பு நகரம் அமைந்ததில்லை. தமிழ்நாட்டிலேயே பரங்கிமலை–பல்லாவரம், குன்னூரை அடுத்த வெலிங்டன் ஆகிய இரண்டு கன்டோன்மென்ட் வாரியங்கள்தாம் உண்டு. ஆனால் பள்ளத்தாக்கின் இன்றைய செழிப்புக்கு மூலமான வேலையே ஒரு படை முகாமில் தொடங்கியது என்பதை மறக்கலாகாது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 8,000 ஏக்கருக்கு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்ட மறு ஆண்டில், பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் பெரியாற்று அணை வேலை தொடங்கியபோது, மதராஸ் பயனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவுகள் காட்டுக்குள் அனுப்பப்பட்டன. பயனியர் என்போர் துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் ஏந்திய சிப்பாய்கள். பாதை வெட்டுவதும் பாலம் கட்டுவதும் பாசறை அமைப்பதும் அவர்களுடைய பணி. கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏறிச்சென்ற கூலியாட்களும் அவர்களோடு சேர்ந்து தங்கினர். காய்ச்சல் பருவம் வந்தால் வேலை நின்று முகாம் வெறிச்சோடும். கூலியாட்கள் மலையிறங்கித் தத்தம் ஊருக்குத் திரும்புவார்கள். திரும்ப முடியாமல் இறந்தவர்களின் கல்லறைகள் அணையருகே இன்றும் இருக்கின்றன. 1895இல் வேலை முடிந்ததும் முகாமுக்கான தேவையும் முடிந்தது.

பருவத்துக்கு எழும்பிப் பருவத்தோடு காலியாவது படைத் தங்குமிடத்தின் இயல்பு. அது குடும்பத்துக்காகக் கட்டப்படுவதில்லை. ஒரே வயதுடைய, ஒரே நேரத்தில் எழுந்து ஒரே மணியடிப்பில் உண்ணும் ஆண்களுக்காகக் கட்டப்படுவது. பாரக் எனப்படும் நீண்ட படைக்கூடத்தில் இரு வரிசைக் கட்டில்களும் நடுவே நடைவழியும் இருக்கும். சமையற்கூடம் தனியாக, குளியலிடமும் கழிப்பிடமும் தனித்தனிக் கொட்டகைகளாக, அனைவருக்கும் பொதுவாக இருக்கும். தாழ்ப்பாள் போடக்கூடிய அறை என்பதோ, ஒரு குடும்பம் தனக்கென அடுப்பு மூட்டும் மூலை என்பதோ இந்த அமைப்பில் இல்லை.

இதன் மிகச் சுருக்கமான வடிவம் நிசன் குடில். பிரித்தானியப் படையின் பொறியியல் பிரிவைச் சேர்ந்த மேஜர் பீட்டர் நார்மன் நிசன் 1916இல், முதல் உலகப்போரின் நடுவில், இதை வடிவமைத்தார். நெளிநெளியான இரும்புத் தகடுகளை அரைவட்டமாக வளைத்து, சட்டங்களின்மேல் பொருத்தி, இரு முனைகளையும் பலகையால் அடைத்துவிட்டால் குடில் ஆயிற்று. 27 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட இதன் பாகங்கள் அனைத்தும் ஒரே சரக்கு வண்டியில் அடங்கின. 6 பேர் 4 மணி நேரத்தில் நிறுத்திவிட முடிந்தது. சுவரும் கூரையும் ஒன்றே என்பதால் ஓரங்களில் நிமிர்ந்து நிற்க இயலாது. சாய்வான தகட்டை ஒட்டி அலமாரியோ பெட்டியோ வைக்க முடியாது. சன்னல் முனைச் சுவர்களில் மட்டுமே. ஐரோப்பியக் குளிரில் படைவீரன் சில மாதங்கள் உறங்குவதற்கென்று செய்யப்பட்ட இக்குடில், இரண்டாம் உலகப்போரின்போது பர்மா எல்லைப் போருக்காக வங்காளத்தின் விமானத் தளங்களிலும் முகாம்களிலும் எழுந்தது. வைகாசி வெயிலில் தகரத்தின்கீழ் பகல் முழுவதும் கைக்குழந்தையோடு இருப்பது எப்படிப்பட்டது என்பதைத் தகரக் கூரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் காலிப் படைக் குடியிருப்பு வீடற்றோரின் ஊராக மாறியதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு கல்யாண் முகாம். பம்பாயிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், உல்லாஸ் ஆற்றங்கரையில், போர்முனைக்குச் செல்லும் வீரர்களை இடைக்காலத்தில் தங்கவைப்பதற்காகப் போர்க்காலத்தில் எழுப்பப்பட்ட இம்முகாமில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பாரக்குகள் இருந்தன. 1947இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபும் வங்காளமும் இரண்டாக வெட்டப்பட்டனவே தவிர, சிந்து மாகாணம் முழுவதும் பாகிஸ்தானுக்குச் சென்றது. ஆகவே சிந்தி இந்துக்களுக்கு எல்லை தாண்டியபின் தங்கள் மொழி பேசும் நிலம் என்று ஒரு துண்டும் எஞ்சவில்லை. 1948 ஜனவரி 6 அன்று கராச்சியில் வெடித்த கலவரத்துக்குப் பின் கப்பல் கப்பலாகப் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அரசு கல்யாணுக்கு அனுப்பியது.

ஒரு பாரக்கில் பல குடும்பங்கள் நுழைந்தன. சாக்குப்பைகளைப் பிரித்துத் தைத்த திரைகளும் பழைய சேலைகளும் சுவர்களாயின. திரைக்கு அப்பால் நடக்கும் பேச்சும் இருமலும் அழுகையும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாயின. பொதுக் கழிப்பிடங்களைப் படைவீரர்களுக்கென்று கட்டியவர்கள் பெண்களின் மறைவைக் கருதியிருக்கவில்லை. இந்தத் தொல்லைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு அம்மக்கள் அங்கேயே நிலைத்ததற்கு முதற்காரணம் இரயில். கல்யாண் சந்திப்பில் ஏறினால் பம்பாய்ச் சந்தை. அங்கே சரக்கெடுத்து விற்கலாம், வண்டிகளிலேயே விற்கலாம், அப்பளம் ஊறுகாய் முதல் தையல்வேலை வரை பாரக்கிலேயே செய்து கொண்டுபோகலாம். வணிகத்தில் பழகிய சமூகத்துக்கு இது போதுமான பிடிப்பாக அமைந்தது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய தலைமை ஆளுநர் சி. ராஜகோபாலாச்சாரி இம்முகாமை உல்லாஸ்நகர் என்ற பெயரில் நகரமாகத் தொடங்கிவைத்தார். முகாம் என்ற சொல்லை விட்டு நகரம் என்ற சொல்லை அரசு அவ்வளவு விரைவில் ஏற்றது, அங்கிருந்தவர்கள் இனித் திரும்பப் போவதில்லை என்பதை ஒப்புக்கொண்ட செயலாகும்.

இரண்டாவது காரணம் சட்டம். 1954இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இடம்பெயர்ந்தோர் இழப்பீடு–மறுவாழ்வுச் சட்டம், மேற்குப் பாகிஸ்தானில் வீடும் நிலமும் இழந்தோரின் உரிமைக்கோரிக்கைகளைச் சரிபார்த்து, ஒரு பொதுத் தொகுப்பிலிருந்து இழப்பீடு வழங்க வழிசெய்தது. இழப்பீடாகச் சேர வேண்டிய தொகையை, தாம் குடியிருக்கும் அரசுக் கட்டடத்தின் விலையில் கழித்துக்கொண்டு அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். பாரக்கில் திரை கட்டிப் பிரித்த பகுதி, இவ்வாறாக, பத்திரம் எழுதி விற்கவும் அடகு வைக்கவும் பிள்ளைகளுக்கு விடவும் கூடிய சொத்தாயிற்று. சாக்குத் திரை இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழுந்தது பத்திரம் வந்தபிறகுதான். பாரக் எண்ணும் முகாம் எண்ணும் இன்றும் அந்நகரத்தின் முகவரிகளில் வழங்குகின்றன. சொத்தானபின் நெருக்கமாகவும் அனுமதியின்றியும் மேலெழுந்த கட்டடங்களை முறைப்படுத்த மகாராஷ்டிர அரசு 2006இல் அந்நகரத்துக்கென்றே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இதுவும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

உல்லாஸ்நகரைப் புகழும் எழுத்துகள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. போர்க்காலத்தில் படை எடுத்துக்கொண்ட நிலம் வெற்று நிலமாக இருந்ததில்லை. கல்யாணை அடுத்த நெவாளியில் விமான ஓடுபாதைக்காக அன்று எடுக்கப்பட்ட நிலம் தங்களுடையது, போர் முடிந்தபின் திருப்பித் தரப்பட்டிருக்க வேண்டும் என்று அப்பகுதி விவசாயிகள் தலைமுறைகளாகக் கேட்டு வந்தனர். 2017 ஜூனில் அந்நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பும் பணியை எதிர்த்து அவர்கள் நடத்திய போராட்டம் வன்முறையில் முடிந்தது. காலியாகக் கிடக்கும் படைச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது நல்ல செயல் என்று கூறும்போது, அதற்கு முன் அங்கே உழுதவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்பது நேர்மை.

உல்லாஸ்நகரில் குடியேறியவர்கள் பெரும்பாலும் நகரத்தார். கிராமத்து வீடின்மையைப் படைக்கொட்டகை எப்படி எதிர்கொண்டது என்பதைக் காண வங்காளத்தின் நதியா மாவட்டத்துக்குத்தான் செல்ல வேண்டும். ராணாகாட் அருகிலுள்ள கூப்பர்ஸ் முகாம், கிருஷ்ணநகருக்கு வடக்கேயுள்ள தூபுலியா விமானத்தளம் ஆகிய இரண்டும் போர்க்காலப் படை நிலையங்கள். 1950இன் தொடக்கத்தில் கிழக்குப் பாகிஸ்தானின் பாரிசால், குல்னா முதலிய மாவட்டங்களில் கலவரம் மூண்டபோது எல்லை தாண்டியவர்களில் மிகப் பெரும் பகுதியினர் உழவர்கள். நாமசூத்திரர் என்ற ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த குத்தகைதாரர்களும் கூலிகளும் மீனவர்களும். அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் இம்முகாம்களின் தகரக் குடில்களிலும் கூடாரங்களிலும் அரசு அடைத்தது.

கல்யாணுக்கும் இங்கும் உள்ள வேறுபாடு தில்லியின் முடிவுகளில் தொடங்கியது. 1950 ஏப்ரல் 8 அன்று நேருவும் லியாகத் அலிகானும் கையெழுத்திட்ட உடன்பாடு, இரு வங்காளங்களிலும் சிறுபான்மையினரின் பாதுகாப்பை உறுதிசெய்து, வெளியேறியவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பும் சூழலை உண்டாக்குவதை நோக்கமாகக் கொண்டது. திரும்பப் போகிறவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு நிலையான வீடு கட்டித்தர எந்த அதிகாரியும் முன்வரமாட்டார். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீடும் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கே உரியதாயிருந்தது. கிழக்கிலிருந்து வந்த உழவருக்கு, விட்டுவந்த வயலுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே கல்யாணில் விற்பனைப் பத்திரமாக மாறிய அதே வகைக் கொட்டகை, நதியாவில் பதிவேட்டில் ஓர் எண்ணாகவே நின்றது.

பிழைப்பும் அவ்வாறே. உழவருக்கு வேண்டியது நிலம். முகாமில் இருந்தது ஓடுபாதையின் காரை. விதைக்க மண்ணும் மாடும் இல்லாத இடத்தில் அரசு அவர்களுக்கு டோல் எனப்பட்ட உதவித்தொகையைத் தவணை முறையில் பணமாகவும் தானியமாகவும் வழங்கியது. காலையில் எழுந்து வயலுக்குப் போன மனிதர் தம் பெயர் கூப்பிடப்படும் வரிசைக்குப் போகலானார். முதியோர், கைம்பெண்கள், உடல் ஊனமுற்றோர், அவர்களைச் சார்ந்தோர் ஆகியோரைத் தனியே பிரித்து வைத்த முகாம்களுக்கு நிர்வாகம் இட்ட பெயர் நிரந்தரப் பொறுப்பு முகாம்கள் என்பதாகும். வளரவோ தன்காலில் நிற்கவோ முடியாதவர்கள் என்று அரசே முடிவுகட்டி ஒதுக்கிய மனிதர்களின் பட்டியல் அது. ஓர் அரசின் கோப்புகளில் இவ்வளவு கொடிய பெயர் இவ்வளவு அமைதியாக இடம்பெற்றிருப்பது மனத்தை உறுத்துகிறது.

1958இல் நிறுவப்பட்ட தண்டகாரண்ய வளர்ச்சி ஆணையம், ஒரிசா–மத்தியப் பிரதேசக் காடுகளில் இவ்வுழவர்களுக்கு நிலம் தரும் திட்டத்தை முன்வைத்தது. நிலம் என்ற சரியான விடையை அரசு கண்டுகொண்டது உண்மையே. ஆனால் ஆற்றுப்படுகையில் நெல்லும் மீனுமாக வாழ்ந்தவர்களுக்கு மேட்டுநிலத்துச் சரளை மண் கிடைத்தது, அம்மண்ணில் முன்பே வாழ்ந்த பழங்குடியினரின் ஒப்புதலும் கேட்கப்படவில்லை. 1964இல் மீண்டும் எழுந்த கலவரத்தில் வந்தவர்களுக்கு இடைத்தங்கலாக ராய்ப்பூரை அடுத்த மானா அமைந்தது. அதுவும் போர்க்கால விமானத்தளமே. 1978இல் தண்டகாரண்யத்தை விட்டுத் திரும்பிய ஆயிரக்கணக்கானோர் சுந்தரவனத்தின் மரிச்சாம்பி தீவில் தாமே குடில் போட்டு, மீன்வளர்ப்பும் சிறுதொழிலும் தொடங்கியபோது, 1979 மே மாதத்தில் மேற்கு வங்காள அரசின் காவல்துறை அவர்களை வன்முறையால் வெளியேற்றியது. படைக் குடிலில் தொடங்கிய ஓர் உழவர் குடும்பத்தின் இடப்பெயர்வு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் அடி மண்ணுக்காக நடந்துகொண்டிருந்தது. நதியாவிலேயே தங்கிவிட்டவர்கள் தகரத்தைக் கழற்றி மூங்கிலும் மண்ணும் பிறகு செங்கல்லுமாகக் கட்டிக்கொண்டனர். மேற்கு வங்காளத்தின் அகதிக் குடியிருப்புகளுக்கு முதலில் 99 ஆண்டுக் குத்தகையும், பல ஆண்டுகளுக்குப் பின்னரே நிபந்தனையற்ற உரிமைப் பத்திரமும் வழங்கப்பட்டன. கூப்பர்ஸ் முகாம் இன்று ஓர் உள்ளாட்சிப் பகுதி. முகாம் என்ற பெயர் மாறவில்லை.

இங்கிலாந்தில் இதே காலத்தில் மக்கள் அரசின் ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் தாமே நுழைந்தனர். 1946 மே மாதம் லிங்கன்ஷயர் பகுதியின் ஸ்கன்தோர்ப் அருகே, விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை விட்டுச்சென்ற காலி முகாமில், திரையரங்கில் படக்கருவி இயக்கிவந்த ஜேம்ஸ் ஃபீல்டிங் தம் குடும்பத்துடன் குடியேறினார். செய்தி பரவ, திருமணமாகியும் பெற்றோர் வீட்டு அறையொன்றில் குழந்தைகளோடு நெருங்கிக் கிடந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள், கைவண்டிகளில் கட்டிலும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியேயிருந்த முகாம்களுக்குச் சென்றன. அக்டோபருக்குள் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 40,000 பேர் குடியிருந்தனர். அவர்கள் முகாம்தோறும் குழு தேர்ந்தெடுத்து, தண்ணீர், துப்புரவு, குழந்தைக் கவனிப்பு ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொண்டனர். வீட்டுவசதிப் பொறுப்பை வகித்த சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், வரிசையில் காத்திருப்போரை முந்திச்செல்லும் செயல் என்று இதைக் கருதிய போதிலும், அரசு இறுதியில் உள்ளூர் மன்றங்களை முகாம்களின் பொறுப்பை ஏற்கச் செய்தது. மன்றங்கள் தடுப்புச்சுவர் எழுப்பி, மின்சாரமும் குழாயும் இணைத்து, வாடகை வசூலித்தன. நிசன் குடில்களில் 1950களின் பிற்பகுதி வரை மக்கள் இருந்தனர். ஆயினும் அது நிலையான வீடாகக் கருதப்படவில்லை. அக்காலத்தில் பெருமளவில் கட்டப்பட்டுவந்த மன்ற வீடுகளுக்கு அவர்கள் சிறிது சிறிதாக மாற்றப்பட்டனர். காத்திருப்புக் கூரை காத்திருப்போடு முடிந்ததற்கு, மறுமுனையில் உண்மையான வீடு எழுந்துகொண்டிருந்ததே காரணம். அமெரிக்காவும் 1987ஆம் ஆண்டு மெக்கின்னி சட்டத்தின் மூலம், பயன்படாத கூட்டரசுக் கட்டடங்களை, படைத் தளங்கள் உட்பட, வீடற்றோர்க்கு உதவும் அமைப்புகள் முதலில் கேட்டுப்பெற வழிசெய்தது.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு மிக நெருங்கியது மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களைத் தொற்றுநோய்க் காப்புக்காகச் சில நாட்கள் நிறுத்திவைக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு அமைத்த அவ்விடம், 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி தாயகம் திரும்பியோர்க்கும், 1983க்குப் பின் போரிலிருந்து தப்பிவந்தோர்க்கும் தங்குமிடமாயிற்று. போகிறவர்களை எண்ணிக் கட்டிய கூடத்தில் வந்தவர்கள் தங்கினார்கள். சில நாட்களுக்கென்று கட்டிய அறையில் பிள்ளைகள் பிறந்து பள்ளி சென்றனர். மாநிலமெங்கும் பிறகு அமைந்த முகாம்களிலும் பத்தடிக்குப் பத்தடி அறையில் குடும்பம் முழுவதும் வாழும் நிலையே நெடுங்காலம் நீடித்தது. 2021 ஆகஸ்டில் அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றிய தமிழ்நாடு அரசு, பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்து, 300 சதுர அடி வீடுகளைக் கட்டத் தொடங்கியது. தமிழர்கள் அறிந்த இன்னொரு நிலம் இதன் தலைகீழ் வடிவம்: யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேற்றப்பட்ட ஊர்களின்மேல் படை தன் குடியிருப்பை அமைத்துக்கொள்ள, வீட்டுக்காரர்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மல்லாகம், கோணப்புலம் நலன்புரி நிலையங்களின் குடில்களில் இருந்தனர், பகுதி பகுதியாகவே நிலம் திரும்பியது. அங்கே படை காலிசெய்வது எவருக்கும் செய்யும் உதவியாகாது, உரியவரிடம் உரியதைக் கொடுப்பதாகும்.

கம்பம் பள்ளத்தாக்கு போன்ற வேளாண் பகுதியில், காலிக் கட்டடம் தேடாமலே கிராமத்து வீடின்மையின் வேரைத் தொட்ட முயற்சி தமிழ்நாட்டில் முன்பே நடந்தது என்பதை இந்த ஒப்பீட்டில் நினைவுகூர வேண்டும். நிலவுடைமையாளரின் இடத்தில் குடிசை போட்டிருந்த உழவரையும் வேளாண் தொழிலாளரையும் அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுக் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. அதன்பின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, அவர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது. செங்கல் ஒன்றைக்கூட அடுக்காத சட்டம் அது. ஆனால் கூலி உயர்வு கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடு என்று சொல்லும் அதிகாரத்தை அது நிலவுடைமையாளரிடமிருந்து எடுத்துவிட்டது. நதியாவின் தகரக் குடிலில் இருந்தவருக்குக் கூரை இருந்தும் கிடைக்காமல்போனது இந்தப் பாதுகாப்பே.

அந்தச் சட்டம் எட்டாத குடும்பங்கள் இன்னும் உண்டு. நீர்நிலைக் கரையிலும் சாலைப் புறம்போக்கிலும் குடியிருப்போர்க்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை அளிக்கும் அறிவிப்பை ஊரார் பி மெமோ என்பார்கள். ஆண்டுக்கணக்கில் பி மெமோ பெற்றிருந்தாலும் அது குடியிருந்ததற்குச் சான்றாகுமே ஒழிய உரிமையாகாது. காமயகவுண்டன்பட்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வயலும் தோப்பும் சூழ்ந்து, மக்கள் உழவையே நம்பி வாழ்ந்தாலும், நிர்வாகத்தில் அது பேரூராட்சி. அதாவது ஊரகத்துக்கான திட்டங்களின் வரம்புக்கு வெளியே, நகர்ப்புறப் பட்டியலில் இருப்பது. 2024இல் தொடங்கிய, 2030க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டும் இலக்குடைய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஊராட்சிகளுக்கு உரியது. பேரூராட்சியில் வாழும் ஏழைக்குப் பயனாளி தாமே கட்டிக்கொள்ளும் நகர்ப்புறத் திட்டம்தான் வழி. அதில் அரசுகளின் மானியம் கிடைக்க முதலில் காட்ட வேண்டியது சொந்தப் பட்டா. திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுவதும் கவாத்துக் கத்தரியோடு நிற்கும் பெண்ணுக்கு, பட்டா இல்லையென்றால் மானியமும் இல்லை. ஆகவே நத்தம் எனப்படும் ஊர்க் குடியிருப்பு நிலத்தை அளந்து உரியோர்க்குப் பட்டா வழங்கும் வருவாய்த் துறைப் பணி, வீடு கட்டும் எந்தத் திட்டத்துக்கும் முந்தியதாகிறது.

கல்யாணிலும் தூபுலியாவிலும் ஸ்கன்தோர்ப்பிலும் ஆண்களுக்கெனக் கட்டிய கூடத்துக்குள் அடுப்புக்கு மூலை தேடியவர்கள் பெண்களே. திரை தைத்தவர்களும் அவர்களே. ஆயினும் பதிவேடுகளில் குடும்பத் தலைவர் என்று எழுதப்பட்டது பெரும்பாலும் ஆணின் பெயர். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழங்கும் இலவச வீட்டுமனைப் பட்டா அந்தக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் எழுதப்படுகிறது.